புது புராடக்ட் பண்ண காசு எங்க இருந்து எடுக்கறது: கடனா, பங்கா, மானியமா, கஸ்டமர் காசா?

டெஸ்ட் சேம்பர்ல இருந்து பாக்ஸை எடுத்து மூடியத் திறந்தப்ப உள்பக்கம் முத்து முத்தா தண்ணி ஒட்டிட்டு இருந்துச்சு. மோட்டார் சூடேறி எரியறதுக்கு முன்னாடியே எச்சரிக்கை குடுக்கற ஒரு சின்ன சென்சார் பாக்ஸ் அது, எங்க மேஜை மேல ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாம ஓடுனது, ஈரப்பதம் கூட்டி வச்ச மூணாவது நாளே உள்ள தண்ணி இறங்கிருச்சு. மூடி இடுக்க அடைக்கற கேஸ்கெட் மாத்தணும், அதுக்கு மூடி டிசைன் மாத்தணும், மூடி மாறுனா அத வார்க்கற அச்சு, அதாவது மோல்டு, மாறணும், எல்லாம் முடிய நாலு மாசம்னு கணக்குப் போட்டுட்டு இருக்கும்போதே அஞ்சாம் தேதி வந்துருச்சு, பேங்க் தவணை.

புதுசா ஒன்னு பண்ணா டெஸ்ட் பெயிலாகத்தான் செய்யும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. அந்த நாலு மாசம் காத்திருக்கத் தெரியாத காச வச்சு வேலைய ஆரம்பிச்சதுதான் நாங்க பண்ண தப்பு. அதுக்கப்புறம் ரெண்டு புராடக்ட் பண்ணிட்டோம், ரெண்டுக்கும் வேற வேற வழில காசு எடுத்தோம், தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் கணக்கையும் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். "எந்தக் காசுக்கு வட்டி கம்மி"ன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. நான் இப்பல்லாம் முதல்ல கேக்கறது, இந்த வேலை பெயிலானா அந்த நஷ்டம் யார் தலைல விழும், அவங்களால தாங்க முடியுமாங்கறதுதான். கீழ ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோட பாத்துதான் எழுதியிருக்கேன்.

முதல்ல ஒரு விஷயத்தப் பிரிச்சு வச்சுக்கங்க. ஆராய்ச்சி வேற, டெவலப்மென்ட் வேற. இது நடக்குமா நடக்காதான்னே தெரியாம தேடற கட்டம் ஆராய்ச்சி. நடக்கும்னு தெரிஞ்சுபோச்சு, இனி விக்கற பொருளா ஆக்கணுங்கறது டெவலப்மென்ட். கணக்கு எழுதறவங்களுக்கே இந்தப் பிரிவு இருக்கு, சர்வதேச கணக்கியல் விதி ஐஏஎஸ் 38 என்ன சொல்லுதுன்னா ஆராய்ச்சிக்குப் போன காசு மொத்தமும் அந்த வருஷத்துச் செலவு, சொத்துன்னு காட்ட முடியாது; டெவலப்மென்ட் செலவ ஆறு நிபந்தனை பூர்த்தியானா சொத்துப் பக்கம் கொண்டு போகணும். தொழில்நுட்ப ரீதியா முடிக்க முடியும்னு காட்டணும், முடிச்சு விக்கவோ பயன்படுத்தவோ போறோங்கற எண்ணம் இருக்கணும், அதுக்கான திறன் இருக்கணும், வருமானம் எப்படி வரும்னு காட்டணும், முடிக்க ஆளும் காசும் இருக்கணும், செலவ நம்பகமா அளக்க முடியணும். இந்த ஆறையும் ஒரு பேப்பர்ல எழுதி உங்க புராடக்ட்டுக்கு டிக் அடிச்சுப் பாருங்க, எத்தனை டிக் விழலையோ அந்த அளவுக்கு நீங்க இன்னும் ஆராய்ச்சிலதான் நிக்கறீங்க. எங்க சென்சார் பாக்ஸுக்கு அன்னைக்கு இத பண்ணியிருந்தா முதல் நிபந்தனையே நின்னிருக்காது.

இப்ப கடன். கடன் கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க ரெண்டாவது புராடக்ட்டோட மோல்டு முழுக்கக் கடன்லதான் வாங்குனோம், நிம்மதியா கட்டி முடிச்சோம். ஆனா பேங்க் எதப் பாத்து காசு தருதுன்னு புரிஞ்சுக்கணும். மெஷின் இருந்தா அத ஈடா வச்சுக்கும், ஆர்டர் கையில இருந்தா அதப் பாக்கும், ஏற்கனவே ஓடற வியாபாரத்தோட வரவு செலவப் பாக்கும். உங்க மண்டைல இருக்கற ஐடியா, நோட்டுல இருக்கற டெஸ்ட் ரிசல்ட், பாதி எழுதுன சாஃப்ட்வேர், இதையெல்லாம் எடுத்து விக்க முடியாது, அதனால ஈடாவும் வச்சுக்க மாட்டாங்க. கடைசில என்ன ஆகும்னா வீட்டுப் பத்திரம், சொந்த ஜாமீன்னு வந்து நிக்கும், அதாவது கம்பெனி பேர்ல எடுத்த ரிஸ்க் குடும்பத்து மேல போய் உக்காந்துரும். தவணை வேற முதல் மாசமோ கொஞ்சம் தள்ளியோ ஆரம்பிச்சுரும், புராடக்ட்ல இருந்து முதல் ரூபா வர ஒன்றரை வருஷம் ஆகும்போது அந்தத் தவணைய எங்க இருந்து கட்டுவீங்க? பழைய வியாபாரத்துல இருந்துதான். அப்ப பழைய வியாபாரம் இளைக்க ஆரம்பிக்கும்.

இத விட மோசமா ஒன்னு இருக்கு, சரக்கு வாங்க ஒரு லிமிட் வரைக்கும் பேங்க் கடனா எடுக்க விடற ஓவர்டிராஃப்ட்ல இருந்து எடுத்து டெவலப்மென்ட்டுக்குப் போடறது. தயவு செஞ்சு இதப் பண்ணாதீங்க. சரக்குக் காசு ரெண்டு மூணு மாசத்துல சுத்தி வந்துரும், சோதனை மாதிரிக்கு, அதாவது புரோட்டோடைப்புக்குப் போன காசு அப்படித் திரும்பாது. லிமிட் நிறைஞ்சதும் ஓடற ஆர்டருக்கே பொருள் வாங்க முடியாம நிப்பீங்க, ஆர்டர் கையில இருக்கும், காசு இருக்காது. இதுல மாட்டி நல்ல கம்பெனி ஒன்னு படுத்தத நான் கண்ணால பாத்தேன், அவங்க புராடக்ட்ல ஒரு குறையும் இல்ல.

சொந்தக் காசு, அதாவது ஏற்கனவே வர லாபத்துல இருந்து போடறது, யார்கிட்டயும் கணக்குச் சொல்ல வேண்டாம், பங்கு போகாது, தவணை இல்ல. மெதுவாத்தான் போகும், ஆனா அந்த மெதுவே சில சமயம் நல்லதும் பண்ணுது, காசு கம்மியா இருந்தா தேவையில்லாத டெஸ்ட்டு, தேவையில்லாத ஃபீச்சர்னு எதையும் சேக்க மாட்டோம். ஒரு எல்லை மட்டும் முன்னாடியே போட்டு எழுதி வச்சுருங்க, இவ்வளவு காசு, இத்தன மாசம், இந்த டெஸ்ட் பாஸ் ஆகலன்னா நிறுத்தறோம்னு. நடுவுல உக்காந்து முடிவெடுக்கலாம்னு விட்டா முடியாது, ஏற்கனவே போட்ட காசு கண்ண மறைச்சுரும்.

மானியம் பத்தி நெறைய பேர் கேக்கறாங்க. திருப்பித் தர வேண்டாம், பங்கும் போகாது, பெயிலானாலும் ஒழுங்கா வேலை பண்ணத காட்டுனா போதும், அதனால உண்மையான ஆராய்ச்சிக் கட்டத்துக்கு இதவிடப் பொருத்தமான காசு கிடையாதுன்னே சொல்வேன். அமெரிக்காவுல சின்னக் கம்பெனிகளோட ஆராய்ச்சிக்குக் காசு தர எஸ்பிஐஆர்னு ஒரு அரசுத் திட்டம், 1982ல சட்டமா வந்தது, அதோட அமைப்பப் பாருங்க: முதல் கட்டத்துல சின்னத் தொகை, இது நடக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லு, ரெண்டாவது கட்டத்துல பெரிய தொகை, பண்ணிக் காட்டு, மூணாவது கட்டம் விக்கறது, அதுக்கு இந்தத் திட்டத்துல இருந்து காசு கிடையாது, வெளியில இருந்து பாத்துக்கோ. எந்தக் கட்டத்துக்கு எந்தக் காசுங்கறத அந்த மூணு வரிலயே சொல்லிட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட ஈஐசி ஆக்ஸலரேட்டர் திட்டம் 25 லட்சம் யூரோ வரைக்கும் மானியம் தருது, ஆனா தகுதியான செலவுல 70 சதவீதம்தான், மீதிய நீங்க போடணும். இஸ்ரேல்ல அரசு தர ஆராய்ச்சிப் பணத்துல பெரும்பகுதி, புராடக்ட் வித்தா விற்பனைல இருந்து ராயல்டியா திரும்பக் கட்டணும், விக்கலன்னா கட்ட வேண்டாம். என்னக் கேட்டா பெயிலானா நஷ்டம் யாருக்குங்கற கேள்விக்கு ரொம்ப நேர்மையான பதில் இதுதான். ஆனா அந்தக் காசுல உருவான தொழில்நுட்பத்த நாட்டுக்கு வெளிய கொண்டு போக அனுமதி வாங்கணும், காசும் கட்டணும், அதையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்.

மானியத்துல வலிக்கற எடம் ரெண்டு. ஒன்னு, பல திட்டத்துல நீங்க முதல்ல செலவு பண்ணணும், பில் காட்டணும், அப்புறம்தான் வரும். அதாவது மானியம் கிடைச்சவன் கையில மானியம் வர வரைக்கும் ஓட்டறதுக்கு வேற காசு இருக்கணும். நாங்க ஒரு தடவ அப்ரூவல் லெட்டர கையில வச்சுக்கிட்டு சம்பளம் போட முடியாம இருந்தோம், லெட்டர்ல சீல் இருந்துச்சு, கணக்குல காசு இல்ல. ரெண்டாவது, நீங்க எழுதிக் குடுத்த பிளானையே பண்ணணும். மூணாவது மாசம் வேற வழி நல்லாருக்குன்னு தெரிஞ்சாலும் மாத்த அனுமதி கேட்டு உக்காந்திருக்கணும். அதனால விண்ணப்பம் எழுதும்போதே "இந்த முறை சரி வரலன்னா அந்த முறை"ன்னு ரெண்டையும் சேத்து எழுதுங்க, அப்புறம் திரும்பக் கேக்கற வேலை மிச்சம்.

ஆராய்ச்சி, டெவலப்மென்ட் செலவுக்குக் கிடைக்கற வரிச் சலுகை இதோட தம்பி மாதிரி. அமெரிக்காவுல 1981ல இருந்து இருக்கு, பிரிட்டன்ல சின்னக் கம்பெனிகளுக்கு 2000ல வந்தது, இன்னும் பல நாட்டுல இருக்கு. இது செலவு பண்ணதுக்கு அப்புறம் வர காசு, ஆரம்பிக்க உதவாது, அடுத்த சுத்துக்கு உதவும். லாபமே இல்லாத கம்பெனிக்கு ரொக்கமா திருப்பித் தருவாங்களா, இல்ல வரி கட்டும்போது கழிச்சுக்கணுமான்னு மட்டும் ஆடிட்டர்கிட்ட முதல்ல கேளுங்க, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மார்க்கெட் சர்வே எடுத்த செலவு பொதுவா இதுல சேராது, தொழில்நுட்பத்துல தெரியாத ஒன்ன தேடுன செலவுதான் சேரும். பெயிலான டெஸ்ட்டும் சேரும், அதனால பெயிலானத தேதி போட்டு எழுதி வைங்க. எங்க தண்ணி இறங்குன பாக்ஸோட போட்டோ, அன்னைய லாக் ஷீட், யார் எத்தன மணி நேரம் வேலை பாத்தாங்கங்கற கணக்கு, இதுதான் பின்னாடி எங்களுக்குக் காசாச்சு.

பங்கு குடுத்துக் காசு எடுக்கறதுக்கு வருவோம். இதுல பெயிலானா யாருக்கும் திருப்பித் தர வேண்டாம், நஷ்டத்தத் தாங்கற காசுங்கற வகைல ஆராய்ச்சிக்குப் பொருந்தும். ஆனா ஜெயிச்சா இதவிட விலை கூடுன காசு கிடையாது. 1957ல டிஜிட்டல் எக்யூப்மென்ட்ங்கற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பிக்கும்போது ஏஆர்டிங்கற முதலீட்டு நிறுவனம் 70,000 டாலர் போட்டு 70 சதவீதம் பங்கு எடுத்துச்சு. பத்துப் பதினோரு வருஷத்துல அந்தப் பங்கோட மதிப்பு 35 கோடி டாலரத் தாண்டிப் போச்சு. அந்தக் காசு இல்லன்னா கம்பெனியே வந்திருக்காதுங்கறதும் உண்மை, ரெண்டையும் சேத்துத்தான் யோசிக்கணும்.

இன்னைக்கு அப்படி 70 யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா காசு எடுக்கற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்னு சுத்துச் சுத்தா போகும். முதல் சுத்துல 20 சதவீதம் குடுக்கறீங்க, உங்ககிட்ட 80. அடுத்த சுத்துல புதுசா வரவருக்கு 25 சதவீதம், உங்க 80 இப்ப 60. இன்னொரு சுத்து 25ன்னா 45. வேலைக்கு வரவங்களுக்கு ஒதுக்கற பங்கு இதுல சேரவே இல்ல. மூணு சுத்துல உங்க கம்பெனில நீங்க பாதிக்குக் கீழ. இந்தக் கணக்க பேச்சுவார்த்தைக்குப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி பேனா பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க, ரொம்ப முக்கியம். கம்பெனிக்கு என்ன மதிப்புன்னே சொல்ல முடியாத கட்டத்துல பின்னாடி பங்கா மாறற கடனான கன்வர்ட்டிபிள் நோட்டு, இல்லன்னா புதுக் கம்பெனிகள வளத்து விடற அமெரிக்க நிறுவனம் ஒய் காம்பினேட்டர் 2013ல கொண்டு வந்த சேஃப்ங்கற ஒப்பந்தம், இதுல மதிப்பு பேசறத அடுத்த சுத்துக்குத் தள்ளி வைக்கலாம். பேப்பர் வேலை கம்மி, சரிதான், ஆனா நாலஞ்சு பேர்கிட்ட பங்கா மாறும்போது கம்பெனி மதிப்ப இதுக்கு மேல கணக்குல எடுக்க மாட்டோம்னு வேற வேற உச்சவரம்பு போட்டு வாங்கிட்டு, எல்லாம் ஒரே நாள்ல பங்கா மாறும்போது எவ்வளவு போச்சுன்னு பாத்து ஆடிப்போனவங்க இருக்காங்க.

புதுக் கம்பெனிகள்ல பங்கு வாங்கிக் காசு போடற வென்ச்சர் கேப்பிடல் ஃபண்டுக்குப் பொதுவா ஒரு பத்து வருஷ ஆயுசு, அதுக்குள்ள அவங்க போட்ட காசு பல மடங்கா வெளிய வரணும், கம்பெனிய விக்கணும் இல்ல பங்குச் சந்தைக்குப் போகணும். வருஷா வருஷம் நிதானமா லாபம் தர நல்ல புராடக்ட் அவங்களுக்கு வேண்டாம். அது உங்க தப்பும் இல்ல அவங்க தப்பும் இல்ல, பொருந்தாத சம்பந்தம், அவ்வளவுதான். உங்க புராடக்ட் எந்த வகைன்னு நீங்களே மனசாட்சியோட முடிவு பண்ணிட்டுப் போங்க. இந்த ஃபண்டு காசு வந்த கம்பெனிக்கு மேல வென்ச்சர் கடனும் தருவாங்க, வட்டியோட கொஞ்சம் பங்கு வாங்கற உரிமையும் கேப்பாங்க, ஆரம்ப நிலைல இருக்கறவங்களுக்கு அது தேவைப்படாது. வருமானத்துல இவ்வளவு சதவீதம்னு கட்டற ஃபைனான்ஸும் அப்படித்தான், ஏற்கனவே விக்கற பொருள் இருந்தாத்தான்.

கிரவுட்ஃபண்டிங், அதாவது பொருள் வரதுக்கு முன்னாடியே இணையத்துல பொதுமக்கள்கிட்ட காசு வாங்கறது. 2009ல கிக்ஸ்டார்ட்டர்ங்கற இணையதளம் வந்ததுக்கு அப்புறம் இது பெரிய வழியா ஆச்சு. சொன்ன இலக்கு எட்டுனாத்தான் காசு, இல்லன்னா ஒன்னும் கிடையாது, எட்டுனா 5 சதவீதம் அவங்களுக்கு, பேமென்ட் கட்டணம் தனி. 2012ல பெப்பிள்ங்கற ஸ்மார்ட் வாட்ச் 1 லட்சம் டாலர் கேட்டுப் போச்சு, 1 கோடி டாலருக்கு மேல வந்துச்சு, கிட்டத்தட்ட 69,000 பேர் போட்டாங்க. வட்டி இல்ல, பங்கு இல்ல, வாங்கறவன் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. அதே 2012ல ஆக்குலஸ் ரிஃப்ட்ங்கற விஆர் ஹெட்செட்டுக்கு 24 லட்சம் டாலர் எடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல ஃபேஸ்புக் அந்தக் கம்பெனிய சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குச்சு, ஆரம்பத்துல காசு போட்ட பொதுமக்களுக்கு அதுல பங்கு எதுவும் இல்ல.

இதுக்கு மறுபக்கம் கூலஸ்ட் கூலர்ங்கற ஐஸ் பெட்டி. 2014ல 1 கோடியே 32 லட்சம் டாலர், 62,000 பேருக்கு மேல. ஒவ்வொன்னயும் செஞ்சு அனுப்பற செலவு அவங்க வாங்குன விலைக்குள்ள அடங்கல. 2019ல கம்பெனிய மூடுனப்ப சுமார் 20,000 பேருக்குப் பொருளே போய்ச் சேரல. இத நான் திரும்பத் திரும்பச் சொல்றேன், கிரவுட்ஃபண்டிங்ல காசு வரது கஷ்டமான பகுதி இல்ல, நீங்க போட்ட விலைதான் ஆபத்து. மோல்டு கொட்டேஷன், டெஸ்டிங் செலவு, பேக்கிங், அனுப்பற செலவு, திரும்பி வரது, இத்தனையும் கையில எழுத்துல இல்லாம விலை போட்டா கூடக் கூட ஆர்டர் வந்தா கூடக் கூட நஷ்டம். அதனால இது ஆராய்ச்சிக்கான காசே கிடையாது, எல்லாம் தெரிஞ்சு கடைசிப் படில நிக்கறவங்களுக்கான காசு. தெரியாம இறங்குனா பெயிலியரோட பாரம் உங்கள நம்புன சாதாரண மக்கள் மேல விழுது, அது எனக்கு ஒத்துக்கவே முடியாத விஷயம்.

உங்க தொழில்நுட்பத்த வேற கம்பெனி பயன்படுத்த லைசென்ஸ் குடுக்கறதையும் மறந்துறாதீங்க. ஜேம்ஸ் டைசன் பை இல்லாத வாக்வம் கிளீனருக்கு 5,127 புரோட்டோடைப் பண்ணாரு, கடன் மேல கடன். பெரிய கம்பெனிங்க வேண்டாம்னுட்டாங்க, ஜப்பான்ல ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்து அந்த ராயல்டிய வச்சுத்தான் 1991ல சொந்தக் கம்பெனியும் 1993ல சொந்த மெஷினும் வந்துச்சு. ஒரு சந்தைய மட்டும் விட்டுக் குடுத்துட்டு மத்தத கையில வச்சுக்கற வழி இது. பேட்டண்ட் பலமா இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்காதீங்க.

கடைசியா எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, ஏன் இத கம்மியா பேசறாங்கன்னு எனக்குத் தெரியல, கஸ்டமர் காசு. அதாவது இந்தப் பொருள் கண்டிப்பா தேவைப்படற ஒரு கம்பெனிய கண்டுபிடிச்சு டெவலப்மென்ட் செலவுல ஒரு பங்க அவங்களயே போட வைக்கறது. எங்க ரெண்டாவது புராடக்ட் இப்படித்தான், மோல்டு மட்டும்தான் கடன். முதல் மாடலக் கொண்டு போய் வச்சோம், அங்க மெயின்டனன்ஸ் பாக்கற ஒருத்தர் கையில எடுத்தாரு, திருப்பிப் பாத்தாரு, "வயர் ஏன் மேல வருது, மேல வந்தா அது வழியா எண்ணெய் இறங்குமே"ன்னாரு. மூணு மாசம் நாங்க நாலு பேர் பாத்துட்டு இருந்த பொருள், ஒருத்தருக்கும் தோணல. வயர் வாசலக் கீழ மாத்துனோம், அது மோல்டு வெட்டறதுக்கு முன்னாடி, அதனால செலவு டிராயிங் திருத்துன நேரம் மட்டும்தான்.

ஆனா இதுலயும் கண்ணு தொறந்து இருக்கணும். செலவு போட்டவங்க டிசைனும் எங்களுதுன்னு கேப்பாங்க. நாங்க எழுதிக்கிட்டது: ஏற்கனவே எங்ககிட்ட இருந்த அறிவு எங்களுது, புதுசா இதுல வந்ததும் எங்களுது, அவங்க துறைல மட்டும் ஒரு வருஷத்துக்கு வேற யாருக்கும் விக்க மாட்டோம், மோல்டுக்கு அவங்க காசு போட்டிருந்தா மோல்டு அவங்களுது. காச மூணு தவணையா பிரிச்சோம், டிராயிங் ஒத்துக்கிட்டா ஒன்னு, சாம்பிள் டெஸ்ட் பாஸானா ஒன்னு, முதல் லாட் போனா ஒன்னு. ரெண்டாவது கட்டத்துல பெயிலாயிருந்தா அவங்களும் நாங்களும் ஆளுக்குப் பாதி நஷ்டத்தோட கை குடுத்துப் பிரிஞ்சிருப்போம், யார் வீடும் போயிருக்காது. பயம் ஒன்னுதான், அந்த ஒரு கஸ்டமருக்கு மட்டுமே பொருந்தற மாதிரி புராடக்ட் சுருங்கிப்போயிரும். அதனால அவங்க கேக்கற ஒவ்வொரு மாத்தத்துக்கும் "இது வேற ரெண்டு பேருக்கும் ஆகுமா"ன்னு கேட்டுக்கிட்டோம், ஆகாதுங்கறத தனி ஆக்சஸரியா வெளிய வச்சோம்.

இப்ப ஒரு நண்பர் கேட்டாரு, மேஜை மேல ஓடுது, இன்னும் வெளிய டெஸ்ட் பண்ணல, ஒன்றரை வருஷ வேலை இருக்கு, என்ன பண்றதுன்னு. அவருக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் நாலு மாசம் சொந்தக் காசு, சேம்பர் டெஸ்ட் மட்டும், எல்லை எழுதி வச்சுட்டு. அதே நாலு மாசத்துல மானியத்துக்கு விண்ணப்பம், வரும்னு நம்பி செலவுக் கணக்குல சேக்காம. டெஸ்ட் ரிப்போர்ட் கையில வந்ததும் ரெண்டு கஸ்டமர்கிட்ட போய் தவணை முறைல காசு பேசறது, ஒருத்தர்கிட்ட மட்டும் போகாம. ரெண்டு பேருமே மாட்டேன்னா அப்பத்தான் சொந்தக் காசப் போட்டுப் பங்கு வாங்கற ஏஞ்சல் இன்வெஸ்டர், அதுவும் ஏன் மாட்டேன்னாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு. மோல்டு சாம்பிள் பாஸாகி முதல் பர்ச்சேஸ் ஆர்டரும் வந்த பிறகு கடன். பேங்க் ஃபார்ம நேத்தே வாங்கி வச்சுட்டாரு, அவசரம் அவருக்கு. தேதி போடாம டிராயர்ல வச்சுருக்கச் சொல்லியிருக்கேன், சேம்பர் டெஸ்ட்டு வர்ற பதினாலாம் தேதி ஆரம்பிக்குது.